கேட்டுப் பெற வேண்டிய சுங்கச் சலுகை

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பத்தை அடுத்துக் கடலோரம் அமைந்துள்ள வீராம்பட்டினத்தை நம் அங்கத்தினர்களில் பெரும்பாலோர் ஆடி மாதத்துச் செங்கழுநீர் அம்மன் தேர்த் திருவிழாவினால் அறிவர். வரலாற்று ஆராய்ச்சியாளர்கள் அவ்வூரை வேறொரு காரணத்தாலும் அறிவர். அதனை அடுத்த அரிக்கமேட்டில் 1945-ம் ஆண்டில் மார்ட்டிமர் வீலரும், அவருக்குப் பின் பிரெஞ்சு அறிஞர் கசாலும் நடத்திய அகழ்வாராய்ச்சிகள், ஏறக்குறைய 2000 ஆண்டுகளுக்கு முன்னரே அத்துறைமுகம் ரோமானியப் பேரரசோடு வாணிபம் செய்தது என்பதனை மெய்ப்பித்தன. கசால் 1949-ல் வெளியிட்ட தம் ஆராய்ச்சி நூலின் தலைப்பில் வீராம்பட்டினத்தின் பெயரையே முதலில் வைத்தார். அங்குக் கிடைத்த செங்கல் தொட்டிகள் மஸ்லின் துணிக்குச் சாயம் ஏற்றியவையாக இருக்கலாம் என்று வீலர் கருதினார். பிற்கால அறிஞர்கள் சிலர் இக்கருத்தில் ஐயம் கொண்டனர் எனினும், கடல் கடந்த வாணிபம் இக்கரைக்குப் பழக்கமானது என்பதில் ஐயமில்லை.

கிழக்கு நாட்டுச் சரக்கு எகிப்தின் வழியாக ரோமானியப் பேரரசுக்குள் நுழையுங்கால், அதன் மதிப்பில் நாலில் ஒரு பங்கைச் சுங்கமாகச் செலுத்த வேண்டியிருந்தது. சரக்கு கிழக்கேயிருந்து வந்தது என்பதே வரி விதிக்கப் போதுமானதாயிற்று. நம் நாட்டிலோ முதலாம் குலோத்துங்கன், ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ எனப் புகழ் பெற்றான். மன்னன் ஆணையிட்டான், சுங்கம் நீங்கிற்று என்பதே அப்பெயர் நமக்கு உணர்த்தும் பொருள்.

இக்காலத்துச் சுங்கம் அவ்வாறு தானே நீங்குவதில்லை. இரு நாட்டுச் சர்க்கார்கள் உடன்படிக்கை செய்து வரியை நீக்கிய பின்னரும், “இஃது இன்ன நாட்டில் உற்பத்தியான சரக்கு, ஆதலின் இதற்குச் சலுகை வேண்டும்” என்று சான்றுடன் கேட்பவருக்கே அச்சலுகை கிட்டுகிறது. கேளாதவரின் சரக்கு பழைய வரியைச் செலுத்திவிட்டே உள்ளே செல்லும். அழுத பிள்ளைக்கே பால் என்னும் பழமொழி இவ்விஷயத்தில் முற்றும் பொருந்தும். நம் நாட்டு ஏற்றுமதியாளர்கள் இச்சலுகைகளை எவ்வளவு தூரம் பயன்படுத்துகின்றனர், நெசவாளர் சங்கங்களுக்கும் பயிரிடுவோர் சங்கங்களுக்கும் இதில் என்ன பங்கு என்பவற்றை ஈண்டு ஆராய்வோம்.

புதுச்சேரி கண்ட பழைய சலுகை

சலுகை வரியும் அதற்கான முத்திரையும் புதுச்சேரிக்குப் புதியன அல்ல. 19-ம் நூற்றாண்டில், ‘கினே’ என்று பிரெஞ்சுக்காரர்கள் அழைத்த நீலச் சாயத் துணி இங்கிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்கு ஏராளமாக ஏற்றுமதியாயிற்று. செனகல் ஆற்றுப் பிரதேசத்தில் அத்துணி நாணயத்தைப் போலவே வழங்கியது. அதனைக் கொடுத்தே வணிகர்கள் அங்குக் கிடைக்கும் மரப்பிசினை வாங்கினர். இத்துணிக்கு இருந்த மதிப்பைக் கண்டு ஐரோப்பிய ஆலைகளும் அதைப் போன்ற துணியைச் செய்து அனுப்பலாயின.

1843-ம் ஆண்டில் பிரெஞ்சு அரச ஆணையொன்று, செனகல் வாணிபத்துக்கு உரிய கினேத் துணியின் அளவையும் எடையையும் வரையறுத்து, புதுச்சேரியில் பரிசோதனை செய்து முத்திரையிட வகை செய்தது. பின்னர் 1877-ல், அயல் நாட்டுக் கினேத் துணிக்குச் செனகலில் கூடுதல் வரி விதிக்கப்பட்டு, புதுச்சேரித் துணிக்குச் சாதகம் உண்டாக்கப்பட்டது. இன்று நாம் சலுகை வரி என்றும், உற்பத்தி நாட்டுச் சான்றிதழ் என்றும் வழங்குகிற இரண்டும் அன்றே நம் ஊருக்கு வந்துவிட்டன.

இதிலிருந்து நாம் அறியத்தக்கவை இரண்டு. துணி எவ்வளவு சிறந்ததாயினும், அஃது எங்கே செய்யப்பட்டது என்பதற்கு அத்தாட்சி இல்லையேல் சலுகை இல்லை என்பது முதலாவது. சலுகையின் பயன் நெய்தவர் வீட்டு வாயிலுக்குத் தானே நடந்து வருவதில்லை என்பது இரண்டாவது. அத்துணியை இங்கு நெய்தவருக்கும், சாயம் தோய்த்தவருக்கும், அங்கு உடுத்தியவருக்கும் நடுவே போர்தோ நகரத்து வணிக நிறுவனங்கள் இருந்தன. வாணிபத்தின் கடிவாளம் அவர்கள் கையில் இருந்தது. நூற்றாண்டு ஒன்றரை கழிந்தும் இவ்விரண்டு பாடங்களும் பழசாகிவிடவில்லை.

இன்றைய உடன்படிக்கைகள்

இந்தியா செய்துகொண்டுள்ள தடையற்ற வர்த்தக உடன்படிக்கைகளுள் நம் பக்கத்து ஏற்றுமதிக்கு முக்கியமானவற்றைக் கூறுவோம். இலங்கையுடன் 1998 டிசம்பரில் செய்துகொண்ட உடன்படிக்கை 2000 மார்ச் 1 முதல் அமலுக்கு வந்தது. மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் முதலிய நாடுகள் அடங்கிய ஆசியான் கூட்டமைப்புடன் செய்த சரக்கு உடன்படிக்கையும், தென் கொரியாவுடன் செய்ததும் 2010 ஜனவரி 1-ல் தொடங்கின. ஜப்பானுடன் செய்தது 2011 ஆகஸ்டு 1-லும், மொரீஷியஸுடன் செய்தது 2021 ஏப்ரல் 1-லும், ஐக்கிய அரபு அமீரகத்துடன் செய்தது 2022 மே 1-லும், ஆஸ்திரேலியாவுடன் செய்தது 2022 டிசம்பர் 29-லும் அமலாயின. சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளுடன் செய்தது 2025 அக்டோபர் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பிரிட்டனுடனான உடன்படிக்கை 2025 ஜூலை 24-ல் கையெழுத்தாயிற்று.

இவற்றால் விளையும் இலாபத்தை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். வளைகுடா நாடுகள் 2003 முதல் பொதுவாக 5 சதவிகிதச் சுங்க வரி விதித்து வருகின்றன. 10 லட்சம் ரூபாய் மதிப்புள்ள கைத்தறித் துணி துபாயில் இறங்கினால் வரி 50,000 ரூபாய். உடன்படிக்கையின்படி சலுகை கேட்டால் அவ்வரி இல்லை. 5 சதவிகிதம் அற்பம் என்று எண்ணற்க. கைத்தறி வியாபாரத்தில் ஒரு சங்கத்துக்கு எல்லாச் செலவும் போக மிஞ்சும் நிகர இலாபம் பல ஆண்டுகளில் அந்த அளவைத் தொடுவதில்லை என்பதைக் கணக்குப் பார்க்கும் அங்கத்தினர்கள் அறிவார்கள்.

பயன்படுத்துவோர் எத்தனை பேர்?

இவ்வளவு உடன்படிக்கைகள் இருந்தும், அவற்றைப் பயன்படுத்துவோர் தொகை மகிழ்ச்சி தருவதாக இல்லை. ஆசிய அபிவிருத்தி வங்கியைச் சார்ந்த அறிஞர்கள் கவாயும் விக்னராஜாவும் 2011-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஜப்பான், சீனா, தென் கொரியா, சிங்கப்பூர், தாய்லாந்து, பிலிப்பைன்ஸ் ஆகிய ஆறு நாடுகளில் விசாரிக்கப்பட்ட 841 நிறுவனங்களுள் ஏறத்தாழ 28 சதவிகிதமே சலுகையைப் பயன்படுத்தியதாகக் கண்டனர். இந்திய ஏற்றுமதியாளர்களின் நிலை இதனினும் தாழ்ந்தது. 2017-ல் நிதி ஆயோக் வெளியிட்ட குறிப்பொன்று, நம்மவர் பயன்படுத்தும் அளவு 5 முதல் 25 சதவிகிதத்துக்கு உட்பட்டது என்று கூறிற்று.

இவ்வெண்களைப் படிக்கும்போது ஒன்றை மனத்திற் கொள்ள வேண்டும். பயன்பாட்டை இரு வகையில் அளக்கலாம். சலுகைக்கு உரிய சரக்கின் மொத்த மதிப்பில் எவ்வளவு மதிப்புக்குச் சலுகை கேட்கப்பட்டது என்று பார்ப்பது ஒரு வகை. ஏற்றுமதி செய்யும் நிறுவனங்களில் எத்தனை கேட்டன என்று எண்ணுவது மற்றொரு வகை. பெரிய ஆலைகள் தனிக் குமாஸ்தாக்களை வைத்துக்கொண்டு தவறாமல் கேட்டுவிடுகின்றன. ஆகவே மதிப்பால் அளந்தால் பயன்பாடு உயர்ந்தும், நிறுவனங்களை எண்ணினால் தாழ்ந்தும் தோன்றும். அவ்விரண்டுக்கும் உள்ள இடைவெளியிலேதான் சிறு உற்பத்தியாளர்கள் நிற்கின்றனர். நம் சங்கங்களின் இடமும் பெரும்பாலும் அதுவே.

கேளாமலிருப்பதெல்லாம் நஷ்டமும் அன்று. சிங்கப்பூருடன் நமக்கு 2005 முதல் உடன்படிக்கை உண்டு. ஆனால் அந்நாடு மது வகைகள் சில நீங்கலாக ஏறக்குறைய எல்லாச் சரக்கையும் எந்நாட்டிலிருந்து வந்தாலும் சுங்கமின்றியே ஏற்கிறது. சுவிட்சர்லாந்தும் 2024 ஜனவரி 1 முதல் தொழிற்சாலைப் பொருள்கள் அனைத்துக்கும் சுங்கத்தை நீக்கிவிட்டது. துணியும் அவற்றுள் அடங்கும். வரியே இல்லாத இடத்துக்குச் சான்றிதழ் தேடி அலைவது வீண் வேலை. துபாயின் ஜெபல் அலி போன்ற சுதந்திர வலயத்தில் இறங்கி, அங்கிருந்து வேறு நாட்டுக்குச் செல்லும் சரக்குக்கும் அமீரகத்து வரி கிடையாது. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “நாம் அனுப்பும் நாட்டில் இச்சரக்குக்குப் பொது வரி எவ்வளவு? சலுகை வரி எவ்வளவு?” என்பதாகும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால்தான் மேற்கொண்டு சிந்திக்க இடம் உண்டு.

எந்த நாட்டுச் சரக்கு?

வித்தியாசம் இருந்தும் பலர் கேளாமலிருப்பதற்குத் தலையாய காரணம், உற்பத்தி நாட்டு விதிகளின் சிக்கலாகும். சீனத்திலிருந்தோ வேறிடத்திலிருந்தோ வந்த சரக்கை இந்தியச் சரக்கென்று சொல்லி உள்ளே புகுத்திவிடக் கூடாது என்பதற்காக ஏற்பட்டவை இவ்விதிகள். பயிரிடுவோருக்கு இவை எளியவை. நம் வயலில் விளைந்த நெல்லும், நம் தோப்பில் காய்த்த தேங்காயும் முழுதும் இந்நாட்டிலேயே பெறப்பட்டவை. வீராம்பட்டினத்து மீனவர்கள் நம் கரையோரக் கடலிற் பிடிக்கும் மீனும் அவ்வாறே. அக்கடல் எல்லையைத் தாண்டி ஆழ்கடலிற் பிடித்த மீனுக்கு மட்டும், பிடித்த படகு எந்நாட்டிற் பதிவானது, எந்நாட்டுக் கொடியைப் பறக்கவிட்டது என்பவை கவனிக்கப்படும்.

பல நாட்டு மூலப்பொருள் கலந்த சரக்குக்கே சோதனை கடினமாகிறது. உலக நாடுகள் யாவும் சரக்குகளை ஒரே முறையில் எண்ணிட்டு வகைப்படுத்தியுள்ளன. முதல் நான்கு இலக்கங்கள் தலைப்பையும், ஆறு இலக்கங்கள் உட்பிரிவையும் குறிக்கும். வெளிநாட்டு மூலப்பொருளின் எண்ணும், நாம் செய்த பண்டத்தின் எண்ணும் வேறாக வேண்டும் என்பது ஒரு நிபந்தனை. பண்டத்தின் மதிப்பில் குறிப்பிட்ட பங்கு நம் நாட்டில் சேர்ந்ததாக இருக்க வேண்டும் என்பது மற்றொன்று. ஆசியான் உடன்படிக்கையின் பொது விதி, ஆறு இலக்க எண்ணின் மாற்றத்தையும் 35 சதவிகித மதிப்பையும் கோருகிறது. இலங்கை உடன்படிக்கையின் பொது விதி, நான்கு இலக்கத் தலைப்பின் மாற்றத்தையும் அதே 35 சதவிகிதத்தையும் கோருகிறது. இவையன்றித் தனிச் சரக்குகளுக்குத் தனி விதிகளும் இருக்கக்கூடும் என்பதை நினைவிற் கொள்க.

இவ்விரண்டுக்கும் உள்ள வேற்றுமையை முந்திரியைக் கொண்டு தெளியலாம். பண்ருட்டிப் பக்கத்தில் விளைந்த கொட்டையை உடைத்துப் பருப்பெடுத்தால் அது முற்றும் இந்தியச் சரக்கு. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த கொட்டையை இங்கே உடைத்தால் நிலைமை வேறு. ஓட்டுடன் கூடிய முந்திரிக்கு 0801.31 என்றும், பருப்புக்கு 0801.32 என்றும் எண்கள். ஆறு இலக்கத்தைப் பார்த்தால் எண் மாறியிருக்கிறது. நான்கு இலக்கத்தைப் பார்த்தால் 0801 மாறாமல் நிற்கிறது. எனவே ஆறு இலக்க விதிக்கு அடங்கும் பருப்பு, நான்கு இலக்க விதிக்கு அடங்காது. ஒரே கிடங்கில் இரு வகைப் பருப்பையும் கலந்து வைப்போர், விளைவித்தவருக்கு உரிய தனி உரிமையைக் கலைத்துவிடுகிறார்கள்.

துணியின் நிலை நமக்குச் சாதகமானது. பருத்தி நூலுக்கு 5205 முதலிய தலைப்புகள். பருத்தித் துணிக்கு 5208 முதலியவை. கைலி நெய்தால் நூல் துணியாகித் தலைப்பே மாறிவிடுகிறது. மாறாக, வெளிநாட்டு வெள்ளைத் துணியை வாங்கி இங்கே சாயம் மட்டும் ஏற்றினால் 5208 என்னும் தலைப்பு அப்படியே இருக்கும். உட்பிரிவு மட்டுமே மாறும். நெய்தலுக்குச் சுங்கச் சட்டம் தரும் மதிப்பு இதனால் விளங்கும். மேலும் கைத்தறித் துணியின் விலையிற் கணிசமான பங்கு கூலியாகும். இந்திய நூலைக் கொண்டு இந்திய நெசவாளி நெய்த துணி 35 சதவிகிதச் சோதனையில் தோல்வியுற வழியே இல்லை. அதனைக் காகிதத்தில் மெய்ப்பிப்பதே பாக்கி.

இன்னும் இரண்டு நிபந்தனைகளைக் கூற வேண்டும். மீட்டர் கணக்கில் விற்கும் துணிக்கு ஓர் எண். அதையே வெட்டி ஓரம் தைத்துப் படுக்கை விரிப்பாக்கினால் 6302 என்னும் வேறு தலைப்பு. எண் தவறினால் சான்றிதழ் பயன்படாது. அடுத்து, சரக்கு நேராகச் செல்ல வேண்டும். சென்னையிலிருந்து புறப்படும் சரக்குப் பெட்டகங்கள் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கப்பல் மாறுவதுண்டு. அவ்வாறு மாறினும், பெட்டகம் சுங்கக் காவலை விட்டு நீங்கவில்லை என்பதைக் கப்பற் பத்திரங்கள் காட்ட வேண்டும்.

ஒரு சங்கத்திற் கண்டது

சங்கங்களின் புத்தகங்களைப் பார்வையிடச் செல்லும் என் போன்ற ஆய்வாளர்களுக்கு, இவ்விதிகள் ஏட்டில் மட்டும் உள்ளவை அல்ல என்பது நேரில் தெரிகிறது. நான் பார்வையிட்ட நெசவாளர் சங்கமொன்று, ஏற்றுமதி வியாபாரி ஒருவருக்கு 12 லட்சம் ரூபாய் பெறுமான படுக்கை விரிப்புகளை நெய்து கொடுத்தது. சரக்கு துபாய்க்கு உரியது. சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டி, நூல் எங்கே வாங்கியது என்பதற்கான ரசீதுகளையும், உற்பத்திச் செலவுக் கணக்கையும் வியாபாரி கேட்டார். நூல் முழுதும் தமிழ்நாட்டு ஆலைகளில் நூற்கப்பட்டது. ஆயினும் எந்தச் சிப்பம் நூல் எந்தப் பாவில் ஏறிற்று என்று காட்ட ஏடு இல்லை. மூன்று ரசீதுகளும் கிடைக்கவில்லை. கப்பல் புறப்படும் நாள் நெருங்கவே, சரக்கு சான்றிதழின்றிச் சென்றது.

அங்கு 5 சதவிகிதம் வரி கட்டிய கொள்முதல்காரர் அதனை வியாபாரியிடம் கழித்தார். வியாபாரி சங்கத்திடம் கழித்தார். 60,000 ரூபாய் குறைந்தது. அந்த விரிப்புகளை நெய்தவர் 40 பேர். ஆளுக்கு 1,500 ரூபாய். சில மாதங்கள் கழித்து ரசீதுகள் வேறொரு கட்டிலிருந்து அகப்பட்டன. அப்போது வியாபாரி அக்கறை காட்டவில்லை. அவர் கையிலிருந்து ஒன்றும் போகவில்லையன்றோ! சான்றிதழ் கிடைத்திருந்தால் அந்த 60,000 ரூபாய் யாருக்குச் சேர்ந்திருக்கும் என்று கமிட்டியைக் கேட்டேன். விற்பனைக் கடிதத்தில் அதுபற்றி ஒரு வரியும் இல்லை. இழப்பு வந்தால் நெசவாளிக்கு. இலாபம் வந்தால் யாருக்கென்று தெரியாது. இந்நிலை ஒரு சங்கத்துக்கு மட்டும் உரியதன்று.

சுங்க வரியைக் கட்டுபவர் இறக்குமதியாளர். ஆதலின் வரி நீங்கினால் அதன் பயன் முதலில் அவர் பையிலேயே விழும். அதில் ஒரு பங்கை விலையாகத் திருப்பிப் பெறுவது பேரம் பேசும் வலிமையைப் பொறுத்தது. இதனை நன்கு உணர்தல் வேண்டும்.

அண்டை நாடுகள் கற்பிப்பது

வங்காள தேசத்துக்கு ஐரோப்பியச் சந்தையில் சுங்கமற்ற சலுகை நெடுநாளாக உண்டு. ஆயினும் 2011-க்கு முன்னர், ஆடைக்கு வேண்டிய துணியும் சலுகை பெறும் நாட்டிலேயே உற்பத்தியாக வேண்டும் என்பது பொதுவிதியாக இருந்தது. பின்னலாடை செய்தோர் உள்நாட்டிலேயே நூலைப் பின்னித் துணியாக்கியதால் சலுகையைப் பெரிதும் பயன்படுத்தினர். நெய்த துணியில் சட்டை தைத்தோர் சீனத்துத் துணியையும் இந்தியத் துணியையும் வாங்கியதால், அவர்களிற் பலர் சலுகையிருந்தும் வரி கட்டினர். 2011 ஜனவரி முதல் மிக வறிய நாடுகளுக்குத் தையல் வேலை மட்டுமே போதும் என்று விதி தளர்ந்தது. நெய்த ஆடைக்கும் சலுகைப் பயன்பாடு விரைந்து உயர்ந்தது.

இலங்கை உடன்படிக்கையிலும் இதையொத்த நிகழ்ச்சி உண்டு. ஆண்டுக்கு 80 லட்சம் ஆயத்த ஆடைகளை இந்தியா சலுகை வரியில் ஏற்கச் சம்மதித்தது. ஆனால் அவற்றுள் 60 லட்சம் ஆடைகள் இந்தியத் துணியில் தைத்தவையாக இருத்தல் வேண்டும் என்றும், குறித்த துறைமுகங்களின் வழியாகவே வரவேண்டும் என்றும் விதித்தது. தொடக்க ஆண்டுகளில் அந்த அளவு நிரம்பவே இல்லை. பின்னர் நிபந்தனைகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டன.

விதி கடுமையானால் பயன்பாடு குறையும் என்பது இவ்விரு நிகழ்ச்சிகளிலும் வெளிப்படை. ஆயினும் நெசவாளிகளாகிய நாம் கவனிக்க வேண்டிய மறுபக்கம் ஒன்றுண்டு. துணியும் நம் நாட்டில் நெய்யப்பட வேண்டும் என்ற விதி, தையற்காரருக்குப் பாரம், நெசவாளிக்கோ அரண். அவ்விதி உள்ள நாட்டுக்கு ஆடை அனுப்பும் வியாபாரி, சலுகை பெற வேண்டின் நம்மிடம் வந்தே தீர வேண்டும். அப்போது அவர் வாங்குவது துணியை மட்டும் அன்று; இத்துணி இந்நாட்டில் நெய்யப்பட்டது என்னும் அத்தாட்சியையும் வாங்குகிறார். அவ்வத்தாட்சிக்கு ஒரு விலை உண்டு. அதனைத் தரக்கூடிய சங்கம் விலை பேசலாம். தரமுடியாத சங்கம், கொடுத்ததை வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

சங்கங்கள் செய்ய வேண்டுவன

முதலாவது, நூற்கணக்கு. நூல் வந்த நாள், ஆலையின் பெயர், நம்பர், எடை, ரசீது எண், அந்நூல் ஏறிய பாவின் எண், நெய்தவர், வந்த துணி ஆகியவை ஒரே வரியில் தொடர்ந்து தெரியுமாறு ஓர் ஏடு போதும். இதற்கு இயந்திரமும் வேண்டாம், பெரும்படிப்பும் வேண்டாம். நாள்தோறும் கால் மணி நேரம் வேண்டும். ரசீதுகளையும் ஏட்டையும் குறைந்தது ஐந்தாண்டு காத்தல் நன்று. சரக்குச் சென்றபின் அயல் நாட்டுச் சுங்க அதிகாரிகள் விசாரித்து எழுதுவதுண்டு. இந்தியாவும் 2020 செப்டம்பர் முதல், சலுகையில் இறக்குமதி செய்வோர் தம் ஆதாரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டுமென விதித்துள்ளது.

இரண்டாவது, செலவுக் கணக்கு. நூல், சாயம், கூலி, இதரச் செலவு என்று வகைக்கொன்றாக ஒவ்வொரு இரகத்துக்கும் ஒரு தாள் தயாரிக்க வேண்டும். துணி வகையின் சரக்கு எண்ணையும் அதில் குறித்தல் வேண்டும்.

மூன்றாவது, விற்பனை ஒப்பந்தம். சலுகைக்கு உரிய நாட்டுக்குச் செல்லும் சரக்காயின், அச்சலுகையில் சங்கத்தின் பங்கு எவ்வளவு என்பதை விலை பேசும்போதே எழுத்தில் பெற வேண்டும். சரக்குச் சென்றபின் கேட்பது பயனற்றது.

நான்காவது, சான்றிதழ் தரும் ஸ்தாபனங்களை அறிந்திருத்தல். வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகத்தின் இணையத் தளத்தின் மூலம் இப்போது விண்ணப்பிக்கலாம். துணிக்கு ஜவுளிக் கமிட்டியும், மீன் வகைகளுக்குக் கடல்சார் பொருள் ஏற்றுமதி அபிவிருத்தி ஆணையமும், பலவகைச் சரக்குக்குச் சென்னையிலுள்ள ஏற்றுமதிப் பரிசோதனை ஏஜென்சியும் சான்றிதழ் அளிக்கின்றன. கப்பல் புறப்பட்ட பின்னரும் எல்லாம் கைநழுவிவிடுவதில்லை. ஆசியான் உடன்படிக்கையின்கீழ், தக்க காரணம் காட்டினால், சரக்கேறிய நாளிலிருந்து 12 மாதங்களுக்குள் சான்றிதழ் பெற இடம் உண்டு. புதிய உடன்படிக்கைகள் சிலவற்றில் ஏற்றுமதியாளர் தாமே உறுதிமொழி எழுதித் தரும் முறையும் புகுந்துள்ளது. அலைச்சல் குறையும், ஆனால் பொறுப்பு முழுதும் எழுதுபவர் தலையில் ஏறும். ஆகவே வியாபாரி நீட்டும் வெற்றுப் படிவத்தில் எந்தக் காரியதரிசியும் கையெழுத்திடலாகாது. நூலின் மூலம் தெரியாத துணிக்கு உறுதிமொழி கொடுப்பது, தெரியாத கடனுக்கு ஜாமீன் நிற்பது போலாகும்.

ஐந்தாவது, ஒன்றுசேர்தல். 20,000 ரூபாய்ச் சரக்குக்கு 5 சதவிகிதம் 1,000 ரூபாய். அதற்காக ஒரு சங்கம் தனியே காகிதம் தயாரித்தால், போக்குவரத்துச் செலவுக்கும் ஆள் நேரத்துக்கும் அது சரியாகிவிடும். அதே அளவுள்ள 30 சங்கங்கள் ஒரே இரகத்தைச் சேர்த்து அனுப்பினால் சரக்கு 6 லட்சம், சலுகை 30,000, விண்ணப்பம் ஒன்று. சிறியோர் சலுகையைக் கைவிடுவதற்கு அறியாமை மட்டும் காரணம் அன்று; தனித்து நின்றால் கணக்குக் கட்டாது என்பதும் காரணம். இதற்கு மருந்து கூட்டுறவே. புதுச்சேரியில் நெசவாளர் சங்கங்களுக்குப் பாண்டெக்ஸ் தலைமைச் சங்கமாக அமைந்துள்ளது. இந்திய அளவில், 2023 ஜனவரி 25-ல் பதிவான தேசியக் கூட்டுறவு ஏற்றுமதிச் சங்கம், கூட்டுறவுகளின் சரக்கை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கென்றே ஏற்பட்டது. இப்கோ, கிரிப்கோ, நாபெட், அமுல் ஆகிய பெருஞ்சங்கங்களும் தேசியக் கூட்டுறவு வளர்ச்சிக் கழகமும் அதனைத் தோற்றுவித்தன. இவ்வழிகளை நாடும் சங்கம், முன்சொன்ன ஏடுகளோடு செல்ல வேண்டும். முப்பது சங்கத்துச் சரக்கில் ஒன்றின் நூற்கணக்கு பொய்யானாலும், பழுது முப்பதையும் தொடும்.

ஆறாவது, பங்கீடு. சலுகையால் கூடுதல் விலை கிட்டினால் அதனைப் பொது இலாபத்திற் கரைத்துவிடாமல், அச்சரக்கை நெய்தவருக்கு நெய்த அளவின்படி போனஸாக வழங்கக் கமிட்டி தீர்மானம் செய்யலாம். ஏட்டை ஒழுங்காக எழுதுவதன் பயன் தம் கையில் வந்து விழுவதைக் கண்ட நெசவாளி, அடுத்த முறை பாவின் எண்ணைத் தாமே கேட்டு எழுதச் செய்வார். உபதேசத்தைவிட இது வலிது.

மகாசபையில் கேட்க வேண்டிய கேள்விகள்

வரியை நீக்குவது சர்க்காரின் வேலை; அது பல நாடுகளில் நடந்துவிட்டது. நீங்கிய வரியைக் கேட்டுப் பெறுவது உற்பத்தி செய்வோர் வேலை. அது பெரும்பாலும் நடைபெறாமல் இருக்கிறது. இதற்குப் புதுச் சட்டமோ பெருமுதலோ தேவையில்லை. ஆகவே அடுத்த மகாசபைக் கூட்டத்தில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது, ஒவ்வோர் அங்கத்தினரும் எழுந்து நான்கு கேள்விகளைக் கேட்குமாறு வேண்டுகிறேன். நம் சரக்கு எந்த நாட்டுக்குச் சென்றது? அங்கே அதற்கு வரி எவ்வளவு, சலுகை எவ்வளவு? அச்சலுகை கேட்கப்பட்டதா? கேட்டுப் பெற்ற பணத்தில் நெய்தவருக்கும் விளைவித்தவருக்கும் வந்து சேர்ந்தது எவ்வளவு?

கமிட்டியினர் இவற்றுக்கு ஏட்டைப் பார்த்து விடை சொல்ல முடியுமாயின், அச்சங்கம் வியாபாரியோடு சமமாக உட்கார்ந்து விலை பேசத் தகுதி பெற்றுவிட்டது என்று கொள்ளலாம். விடை சொல்ல முடியாவிடில், அந்த ஏட்டை மறுநாளே தொடங்கத் தீர்மானம் நிறைவேற்றுக.